கீறல் விழுந்தால் நிலம் 150 மீட்டர் "நகரும்"!
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்:-

70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. இங்குள்ள மலைவாழ் மக்கள் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பட்டா கேட்கும்போது, உழுகிற நிலத்தின் மூலைகளைக் குறிக்கக் கைகொடுப்பது கையடக்க ஜி.பி.எஸ். கருவி. அதன் திரைதான் இப்போது கவலை!

3-ஆ, 8-ஆ?

திரையில் கீறல் விழுந்தால் 3 என்பது 8 போலத் தெரியும். அட்சரேகையில் 5 விநாடி தப்பாக எழுதினால் இடம் சுமார் 150 மீட்டர் தள்ளிப்போகும். குறி பக்கத்துக்காரர் காட்டில் விழும், இல்லாவிட்டால் பள்ளத்தில்!

எதிரி யார்?

மண்ணில் கலந்த வெங்கச்சங்கல் தூள். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சாதாரணக் கண்ணாடி சுமார் 5½. பிளாஸ்டிக் அதைவிட மெது. தூசித் திரையை வேட்டி நுனியால் ஒரு தேய் தேய்த்தால் தீர்ந்தது கதை!

என்ன செய்யலாம்?

முதலில் தூசியை ஊதிவிட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். சாவி, சில்லறையோடு பையில் போடக்கூடாது. கழுத்தில் தொங்கவிட்டால் பாறையில் உரசும், உறை போடவேண்டும். செல்போனுக்கு ஒட்டும் பிலிமை அளவாக வெட்டி ஒட்டினால் கீறல் பிலிமோடு போகும். எண்ணைத் தாளில் எழுதினாலும் கருவியிலும் பதிந்துவைப்பது நல்லது.

பிலிமுக்கு ஆவது கொஞ்சக் காசு. பட்டாவில் தப்பு வந்தால் மலையிறங்கி எத்தனை நடை நடப்பது?