கொயோட்டியின் உணவுப் பழக்கமும் வேட்டை முறையும்

வட அமெரிக்காவில் பரவலாக வாழும் கொயோட்டி, ஓநாய்க்கு நெருங்கிய உறவுடைய அனைத்துண்ணி விலங்காகும். எலி, முயல், பூச்சி, கனி, இறந்த விலங்கின் உடல் எனப் பருவத்திற்கேற்ப எளிதில் கிடைப்பதை அது உண்கிறது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 5000க்கும் மேற்பட்ட எச்சங்களை ஆராய்ந்த அடால்ஃப் மூரி, அதன் உணவில் எலியினங்களே மிகுதி என்றும், அது உண்ட எல்க் மான்களுள் பெரும்பாலானவை முன்னரே இறந்தவை என்றும் 1940இல் வெளியான நூலில் காட்டினார். எச்சத்தில் காணப்படும் மயிர், உண்ணப்பட்ட விலங்கைக் காட்டுமேயன்றி அதைக் கொன்றது எது என்பதைக் காட்டாது.

வேட்டைக்காரர்கள் இவ்வுணவு நாட்டத்தையே பயன்கொள்கின்றனர். இரை அருகும் குளிர்காலத்தில், துயருற்ற முயலின் அலறலை ஒத்த ஒலியெழுப்பும் ஊதிகளால் கொயோட்டியை அருகே வரவழைக்கின்றனர். எனினும், இவ்வாறு வீழ்த்தப்படும் விலங்கு ஆடுகளைக் கொல்வதாக இருக்க வேண்டியதில்லை.

1990களில் வடக்குக் கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஆய்வுகள், தமக்கென எல்லை வகுத்து வாழும் இனப்பெருக்க இணைகளே பெரும்பாலும் ஆடுகளைக் கொல்வதைக் கண்டறிந்தன. கருத்தடை செய்யப்பட்ட கொயோட்டிகள் குறைவான ஆட்டுக்குட்டிகளையே கொன்றதை 2001இல் வெளியான யூட்டா ஆய்வு நிறுவியது. குட்டிகளுக்கு இரையூட்டும் தேவையே பெரிய இரையை நாடத் தூண்டுகிறது என்பது இதன்வழிப் புலனாகிறது.

ஆகவே, மந்தையைக் காப்பதே நோக்கமாயின், குளிர்காலத்தில் பரந்த நிலப்பரப்பில் எண்ணிக்கையைக் குறைக்கும் வேட்டையினும், மேய்ச்சல் நிலத்தில் எல்லை கொண்ட இணையைக் குறித்த நடவடிக்கையே பொருத்தமுடையதாகும்.