இருபது பக்கமும் இரண்டு கேள்வியும்

பொங்கலை ஒட்டிச் சென்னையில் புத்தகக் காட்சி வரும். 1977இல் தொடங்கியது. பத்து சதவீதக் கழிவில் பை நிறைய வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் பலர், அந்த வாரத்திலேயே “இந்த வருஷம் ஐம்பது புத்தகம்” என்று ஒரு கணக்கும் போட்டுவிடுகிறார்கள். மார்ச் வந்தால் கணக்கு இடிக்கத் தொடங்கும். ஆசையில் குறையில்லை, கணக்குப் போட்ட விதத்தில்தான் கோளாறு. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

ஐம்பது என்று வைத்தவர் எதை எண்ணுகிறார்? அட்டையை. அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அந்த எண்ணில் வராது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த நாவல். ஐந்து பாகத்தையும் சேர்த்தால் இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். குட்ரீட்ஸ் தளம் 2011 முதல் நடத்துகிற வருடாந்தர வாசிப்புச் சவாலில், ஆயிரம் பக்க நாவலும் ஒன்றுதான், நாற்பது பக்க வெளியீடும் ஒன்றுதான். அக்டோபரில் எண்ணிக்கையில் பின்தங்கியவர் ஒல்லியான புத்தகமாகத் தேட ஆரம்பிப்பார். ஆயிரம் பக்கம் தாண்டும் பூமணியின் ‘அஞ்ஞாடி’, 2014இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய புத்தகம், அலமாரியிலேயே இருக்கும். படிக்க வேண்டும் என்று வைத்த இலக்கே பெரிய புத்தகத்தைத் தொடவிடாமல் செய்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

பக்கத்தில் கணக்கு வைத்துப் பாருங்கள். நாளைக்கு இருபது பக்கம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் நாற்பது நிமிஷம். வருஷத்தில் 365 நாளும் நடக்காது. காய்ச்சல் வரும், வீட்டில் கல்யாணம் வரும், பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும். 65 நாளை முதலிலேயே தள்ளிவிடுங்கள். மிச்சம் 300 நாள், ஆறாயிரம் பக்கம். 250 பக்கப் புத்தகமாகப் பார்த்தால் இருபத்து நான்கு. இந்தக் கணக்கில் ‘அஞ்ஞாடி’க்கு இரண்டு மாதம் போதும், ‘பொன்னியின் செல்வ’னுக்கு நான்கு மாதம். எதை எடுத்தாலும் நஷ்டம் இல்லை, பெரிய புத்தகத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம். விடுபட்ட நாளுக்காக மறுநாள் நாற்பது படிக்க முயலாதீர்கள். தள்ளிவைத்த 65 நாள் அதற்குத்தான்.

கவிதைக்கு மட்டும் இந்த அளவு ஒத்துவராது. குறுந்தொகையில் 401 பாட்டு. பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு அடி. உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையோடு பதிப்பித்தார். அந்த உரையை வைத்துக்கொண்டு ஒரு பாட்டைப் படித்தால், தலைவி யாரிடம் சொல்கிறாள், எந்தத் திணை, ஏன் அந்தப் பறவை வருகிறது என்று பார்ப்பதற்குள் ஒரு மாலை போய்விடும். நாளைக்கு ஒன்று என்றால் ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகும். அதைத் தனிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்து நான்கில் பன்னிரண்டை நீங்களே முடிவு செய்யுங்கள். மற்ற பன்னிரண்டு இடத்தைக் காலியாக விடுங்கள். அது நண்பர்கள் சொல்லப்போகிற புத்தகங்களுக்கு. நம் ருசி நம்மை ஏற்கெனவே தெரிந்த இடத்துக்கே கூட்டிப்போகும். புதிய பக்கம் திரும்ப இன்னொருவர் வேண்டும்.

ஆனால் புத்தகம் சொல்வதும் ஒரு வேலைதான், கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகவியல் படிக்கிற மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது என்று ஒரு விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் இருக்கிறார் என்று அடுத்தது. நாம் புத்தகத்தையே நினைத்துக்கொண்டு “கட்டாயம் படிச்சே ஆகணும்” என்கிறோம். கேட்கிறவர் யார், இப்போது எந்த மனநிலையில் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

இரண்டே கேள்வி கேளுங்கள். “கடைசியா எதைக் கீழ வைக்க முடியாம படிச்ச?” “எதைப் பாதியில விட்ட?” முதல் கேள்விக்கு எல்லோரும் நல்ல பெயராகப் பார்த்துச் சொல்வார்கள். இரண்டாவதுக்குத்தான் உண்மை வரும்.

பதிலை வாங்கியதும் இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ பிடித்தது என்கிறார் ஒருவர். உடனே ‘சிவகாமியின் சபதம்’ என்று சொல்லிவிடுவது சுலபம். அதில் எது பிடித்தது என்று கேளுங்கள். வந்தியத்தேவன் குதிரையேறிப் போகிறதும் மாட்டிக்கொள்கிறதும் தப்பிக்கிறதும் என்றால் சாண்டில்யனின் ‘கடல் புறா’ சரி. யார் யாருக்குப் பின்னால் நின்று காய் நகர்த்துகிறார்கள் என்பதுதான் பிடித்தது என்றால், நான் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ நாவலைக் கொடுப்பேன். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து எழுந்த கதை. அரண்மனைச் சூழ்ச்சி அங்கே வியாபாரத்துக்கும் பிரெஞ்சுக் கும்பினிக்கும் நடுவில் நடக்கிறது, சாதாரண ஜனங்களின் பாடும் கூடவே வருகிறது. அது பிடித்துவிட்டால் தொடர்ச்சி கையிலேயே இருக்கிறது: ‘வானம் வசப்படும்’, 1995இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. இதே ஆளிடம் அடுத்ததாக சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ கொடுத்தால் சில பக்கத்தில் மூடிவைத்துவிடக்கூடும். நல்ல நாவல், நல்ல வாசகர். நேரம்தான் சேரவில்லை.

‘அசுரன்’ பார்த்தவருக்குப் பூமணியின் ‘வெக்கை’ இருக்கிறது. 1982இல் வந்த சின்ன நாவல், படத்துக்கு அதுவே மூலம். அடுத்து ‘பிறகு’, அதற்கும் பிறகு ‘அஞ்ஞாடி’. பெரிய புத்தகத்துக்கு இப்படித்தான் ஆளைக் கூட்டிப்போக வேண்டும்.

கொடுக்கும்போது அதிகம் பேசாதீர்கள். உனக்கு ஏன் இது என்று ஒரு வரி, எங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும் என்று ஒரு வரி, அவ்வளவு போதும். திரும்பி வராவிட்டால் மனம் கசக்கும் பிரதியைக் கடன் கொடுக்க வேண்டாம், நூலகத்தைச் சொல்லுங்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். இன்றும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். நம் காசில் வாங்கிய புத்தகங்கள் அங்கே இருக்கின்றன.

ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்து மற்றவர் கேட்டுக்கொண்டே இருந்தால் அது சீக்கிரம் அலுத்துவிடும். நான் சொன்னதை நீ, நீ சொன்னதை நான், அதே மாதத்தில் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஐம்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிட இருவருக்கும் உரிமை உண்டு, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தில் விட்டார் என்பதை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல தகவல் கிடைக்காது. கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தை ஆரம்பத்திலேயே ஒருவர் மூடிவிட்டார் என்றால், கதை பிடிக்காமல் இருக்கலாம், கரிசல் பேச்சு புரியாமலும் இருக்கலாம். பேச்சுதான் தடை என்றால் வழி இருக்கிறது. கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியையே கி.ரா. தொகுத்து வைத்திருக்கிறார். அதையும் சேர்த்துக் கொடுத்து, முதல் சில பக்கங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.