சோற்றைக் குறைத்தோர் ஊசியையும் குறைத்தனரா?

கந்தசஷ்டி விரதம் நெருங்கும்போதும் றமழான் நோன்பு தொடங்கும்போதும் நீரிழிவு நோயாளருக்கு வைத்தியர்கள் அறிவுரை கூறுவது வழமை. ஆனால் நாட்காட்டியில் இடம்பெறாத ஒரு விரதமும் இப்போது எமது குடாநாட்டில் பரவி வருகின்றது. காணொளிகளைப் பார்த்தும் அயலவர் சொல்லக் கேட்டும் சோறு, புட்டு, இடியப்பம், பாண் ஆகியவற்றை ஒரே நாளில் கைவிட்டு, மீனும் முட்டையும் கீரையுமாக உண்ணும் முறையே அது.

மாச்சத்தைக் குறைப்பதை நாம் குறைகூற வரவில்லை. மூன்று வேளையும் அரிசியும் மாவுமே உண்ணும் எமது வழக்கத்தில் மாற்றம் வேண்டியதே. இன்சுலின் ஊசி ஏற்றுபவர் உணவை மாத்திரம் மாற்றி, ஊசியின் அளவைப் பழையபடியே வைத்திருப்பதுதான் ஆபத்தாகின்றது.

அரசாங்க வைத்தியசாலைகளில் பலருக்கு வழங்கப்படுவது கலப்பு இன்சுலின். அதில் 30 வீதம் விரைந்து செயற்படுவது. 70 வீதம் மெதுவாகச் செயற்படுவது. உணவுக்கு அரை மணி நேரம் முன்பாக, காலையும் மாலையும் அது ஏற்றப்படுகின்றது. காலையில் ஏற்றிய ஊசியின் மெதுவான பகுதி நண்பகலில் வலுப்பெறும். மாலையில் ஏற்றியது நள்ளிரவையொட்டி வலுப்பெறும். அதாவது, உரிய நேரத்தில் உரிய அளவு மாச்சத்து வயிற்றுக்குள் வரும் என்ற கணக்கிலேயே அந்த அளவு தீர்மானிக்கப்பட்டது. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து உண்டு. சோறு தட்டில் இல்லை, இன்சுலினோ உடலில் உண்டு என்றால், அது குருதியில் எஞ்சியுள்ள சீனியையே இறக்கும். நித்திரையில் இது நிகழ்ந்தால் வீட்டார் அறிய மாட்டார்கள். வியர்வையில் நனைந்த உடை, கெட்ட கனவு, காலையில் தலையிடி என்பன அதன் தடயங்கள்.

இந்த உணவு முறைக்குப் பெயர்பெற்றவர் அமெரிக்கரான ரிச்சர்ட் பேர்ன்ஸ்டீன். 12 வயதில் நீரிழிவுக்கு ஆளான இவர் தொழிலால் பொறியியலாளர். அக்காலத்தில் வைத்தியசாலைகளுக்கு மாத்திரமே விற்கப்பட்ட குருதிச்சீனி மானியை, வைத்தியரான மனைவியின் பெயரில் 1969இல் வாங்கினார். நாளொன்றுக்குப் பல தடவை அளந்தே மாச்சத்தையும் இன்சுலினையும் ஒருசேரக் குறைத்தார். பின்னர் தாமும் வைத்தியரானார். 2025இல், தமது 90ஆவது வயதில் காலமானார். அவருடைய உணவுப் பட்டியலைப் பின்பற்றுவோர் அவரது மானியை மறந்துவிடுகின்றனர். சோதனைப் பட்டிகளின் விலை பலருக்குச் சுமை என்பதை நாம் அறிவோம். எனினும் உணவை மாற்றும் முதல் வாரங்களிலாவது சாப்பாட்டுக்கு முன்பும், படுக்கைக்குச் செல்லுமுன்பும், இடையிடையே அதிகாலை மூன்று மணிக்கும் அளந்து பார்ப்பது அவசியம்.

அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சீனி. கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி, காரணமற்ற கோபம், பேச்சுக் குழறல் ஆகியன அறிகுறிகள். நெடுங்கால நோயாளருக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்போருக்கும் இவ்வெச்சரிக்கைகள் மங்கிவிடலாம். உடனே 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளக்க வேண்டும். சொக்லேற் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சீனி உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். பனங்கட்டியைத் தூளாக்கிக் கரைத்துக் கொடுக்கலாம். (பனங்கட்டி சீனியைக் கூட்டாது என்று நம்புவோர் இன்னும் எம்மிடையே உள்ளனர். அதில் பெரும்பகுதி சீனியே.) நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது, 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும்.

நோன்பாளிகளுக்கும் இதுவே பொருந்தும். மாலையில் பேரீச்சம்பழம் வருமென்று காத்திராது, 70க்குக் கீழே இறங்கிய கணமே நோன்பைத் திறக்க வேண்டும் என்பதே வைத்தியர்களின் அறிவுரை. நோயாளிக்கு மார்க்கமும் சலுகை வழங்கியுள்ளது. விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது உலமாக்கள் பலரின் கருத்து. சஷ்டியில் ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்போரும் ஊசியளவை முன்கூட்டியே மாற்றிப் பெறுதல் வேண்டும்.

அச்சத்தால் ஊசியை அறவே நிறுத்துவதும் பிழை. முதலாம் வகை நீரிழிவுள்ளவர் எதுவுமே உண்ணாத நாளிலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தலாகாது. நிறுத்தினால் குருதியில் கீற்றோன் அமிலம் பெருகி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என உயிராபத்து நேரும். எம்பாகிளிபுளோசின், டப்பாகிளிபுளோசின் மாத்திரை எடுப்போர் மாச்சத்தை வெகுவாகக் குறைத்தால், மானி அதிக சீனியைக் காட்டாதபோதும் இந்நிலை ஏற்படலாம். கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் இன்சுலின் போலவே தாழ்சீனியை உண்டாக்கக்கூடும். மெற்போர்மின் மாத்திரம் எடுப்பவருக்கு அந்த அச்சம் குறைவு.

எனவே சோற்றைக் குறைக்கும் நாளுக்கு முன்னரே கிளினிக் கொப்பியுடன் வைத்தியரிடம் சென்று, எதனை எவ்வளவு குறைக்கப் போகின்றோம் எனக் கூறி, எத்தனை அலகு ஏற்றுவதென எழுதிப் பெற்றுவர வேண்டும். குளுக்கோஸ் பைக்கற் எங்கே இருக்கின்றது என்பது நோயாளியுடன் ஒரே வீட்டில் உறங்கும் ஒருவருக்கேனும் தெரிந்திருத்தல் வேண்டும்.