தொலைவிடங்களில் செல்பேசிக் குறிகையை மேம்படுத்தல்

தொலைவிடங்களில் செல்பேசிக் குறிகையை மேம்படுத்தல் என்பது, கோபுரங்களுக்குத் தொலைவிலோ மறைவிலோ உள்ள காடு, குன்று, ஏரி முதலிய இடங்களில் தங்குவோர் செல்பேசிக்கும் இணையத்துக்கும் வேண்டிய வானலைத் தொடர்பைப் பெறக் கையாளும் வழிமுறைகளைக் குறிக்கும். இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டத்தையும், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டிப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வழிமுறைகளை விளக்குகிறது.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. வடக்கே உள்ள கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழிற்பேட்டைக்காக அறியப்படும் ஊர். தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதிகளில் கோபுரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் மேற்கே பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் கூடியம் குகைகளுக்குச் செல்லும் புதர்க்காட்டிலும், வடமேற்கே ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ள உப்பலமடுகு அருவியின் (தடா அருவி) பள்ளத்தாக்குகளிலும் குன்றுகள் அலைகளை மறைக்கின்றன. கிழக்கே பழவேற்காடு ஏரியில் மறைப்பு இல்லை. அங்கே தொலைவே இடர்.

குறிகை வலிமையும் அளவும்

குறிகையின் வலிமை டி.பி.எம். என்னும் அலகில் அளக்கப்படுகிறது. திரையில் தெரியும் கோடுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் அவற்றை நம்புவதில் பயனில்லை. செல்பேசியின் அமைப்புப் பகுதியில் காணப்படும் எண்ணே பொருளுடையது. −80 என்பது −110ஐ விட 30 டெசிபெல் மிகுதி, அதாவது 1,000 மடங்கு ஆற்றல். தடையற்ற வெளியில் தொலைவு இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும்.

கோபுரம் பேசுவது செல்பேசிக்குக் கேட்டால் மட்டும் போதாது. கோபுரம் பல வாட் ஆற்றலுடன் அலை பரப்புகிறது. 4ஜி செல்பேசியோ பொதுவாக 0.2 வாட்டுக்கு மேல் பரப்புவதில்லை. கோடுகள் தெரிந்தும் அழைப்பு இணையாமைக்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

அலைவெண்ணும் முக்கியமானது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தொலைவு செல்லும். மரங்களையும் ஓரளவு ஊடுருவும். 2300 மெகாஹெர்ட்ஸும் 5ஜிக்குரிய 3500 மெகாஹெர்ட்ஸும் விரைவு மிக்கவை, ஆனால் எட்டும் தொலைவு குறைவு. ஆகவே காட்டில் 5ஜியை அணைத்து 4ஜியை மட்டும் வைத்திருப்பது பெரும்பாலும் நன்மை தரும்.

கருவியின்றிச் செய்யக்கூடியவை

உயரமே முதல் மருந்து. சமவெளியில் 40 மீட்டர் கோபுரத்தின் வானலை அடிவானம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள செல்பேசிக்கு ஏறத்தாழ 31 கி.மீ.; அதே செல்பேசியை 9 மீட்டருக்கு உயர்த்தினால் 38 கி.மீ. ஆகிறது. பழைய ஜி.எஸ்.எம். முறையில் வேறொரு வரம்பும் இருந்தது: அலை சென்று திரும்பும் நேரக் கணக்கின்படி, இயல்பான அமைப்பில் 35 கி.மீ.க்கு அப்பால் அழைப்பு இயலாது.

இதைப் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று உண்டு. ஒரு செல்பேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, நெகிழிப் பையில் இட்டு, கயிற்றால் மரக்கிளைக்கு ஏற்றிவிட்டுக் கீழிருந்து மற்றொரு செல்பேசியில் இணையத்தைப் பயன்படுத்தலாம்.

குன்றுகளில் தெறித்து வரும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் செல்வதால், 900 மெகாஹெர்ட்ஸில் 17 செ.மீ. நகர்ந்தாலே குறிகை மாறக்கூடும். இரண்டடி தள்ளி நின்று பேசும் வழக்கம் மூடநம்பிக்கை அன்று. எவர்சில்வர் பாத்திரத்துக்குள் செல்பேசியை வைப்பது ஒலியைப் பெருக்கலாம். அலையை மறைக்கவே செய்யும். மின்கலத்தின் பின்புறம் ஒட்டும் "பூஸ்டர்" வில்லைகளால் பயனில்லை.

குறிகை நலிந்த இடத்தில் செல்பேசி முழு ஆற்றலுடன் கோபுரத்தைத் தேடுவதால் மின்கலம் விரைவில் தீரும். தேவையற்ற நேரங்களில் வானூர்தி நிலையில் வைத்தல் நன்று. அழைப்பு இணையாத இடத்திலும் குறுஞ்செய்தி சென்றுவிடுவதுண்டு. அதற்கு ஒரு நொடித் தொடர்பே போதும்.

அலைவாங்கியும் அலைபெருக்கியும்

1926இல் சப்பானியப் பொறியாளர்கள் யாகி, உடா ஆகியோர் விளக்கிய திசைசார் அலைவாங்கி (ஆன்டெனா), கூரைகளில் தொலைக்காட்சிக்காக நாம் பார்த்ததே. வெளி அலைவாங்கிக்கான பொருத்துமுனை உள்ள 4ஜி ரவுட்டருடன் இதை இணைத்துக் கோபுரத்தை நோக்கித் திருப்பினால் ஏறத்தாழ 10 டெசிபெல் கூடுதல் கிடைக்கும். இணைப்புக் கம்பி நீண்டால் பெற்றதை அதுவே விழுங்கிவிடும்.

அலைபெருக்கி (ரிப்பீட்டர்) வேறு வகை. அது வெளியிலிருந்து வாங்கிய குறிகையை மின்னாற்றலால் பெருக்கி உள்ளே மீண்டும் பரப்புகிறது. இரு அலைவாங்கிகளும் போதிய இடைவெளியின்றி அமைந்தால், ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியை வைத்தாற்போலக் கருவி "ஊளையிடும்". அவ்விரைச்சல் கோபுரத்தின் வாங்கியை நிரப்பி, அப்பகுதியில் உள்ள அனைவரின் அழைப்புகளையும் கெடுக்கும். இதனாலேயே இந்தியாவில் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தவிர்த்த தனியார் இவற்றை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் குற்றம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் பொதுமக்களுக்கு அறிவித்தது. ஆகவே முகாமுக்கு அலைபெருக்கி வாங்கிச் செல்லுதல் கூடாது.

தொழிற்பேட்டையின் தகரக் கொட்டகைகளிலும் இதே தூண்டுதல் எழுகிறது, ஏனெனில் உலோகக் கூரையும் சுவரும் அலைகளைத் தடுக்கின்றன. அங்கே முறையான வழி, சேவை நிறுவனத்தையே அணுகிக் கட்டட உள்ளமைப்பை நிறுவச் செய்வது, அல்லது அகலப்பட்டை இணைப்பின் வழி வை-ஃபை அழைப்பைப் பயன்படுத்துவது. இவ்வசதியை ஏர்டெல் 2019 திசம்பரிலும் சியோ 2020 சனவரியிலும் தொடங்கின.

செயற்கைக்கோள் தொலைபேசியும் அனுமதியின்றி வைத்திருக்க இயலாதது. துரையா, இரிடியம் கருவிகளுக்கு இந்தியாவில் தடை உள்ளது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இதை அறிந்திருத்தல் நல்லது.

எல்லைப்புறமும் அவசர அழைப்பும்

ஆரம்பாக்கத்தை நெருங்கும்போது செல்பேசி ஆந்திர வட்டத்தின் கோபுரத்தைப் பற்றிக்கொள்வதுண்டு. முன்னர் இதனால் ரோமிங் கட்டணம் ஏறியது. இன்று சிக்கல் வேறு: 112க்கான அழைப்பு அண்டை மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்று சேரக்கூடும். எனவே ஊர், மாவட்டம், மாநிலம் ஆகியவற்றை முதலிலேயே கூற வேண்டும். சொந்த நிறுவனத்தின் குறிகை இல்லாதபோதும் 112 வேறு எந்த நிறுவனத்தின் கோபுரம் வழியாகவும் செல்லக்கூடியது; "சேவை இல்லை" என்று திரை காட்டினாலும் முயன்று பார்க்க வேண்டும். எந்தக் கோபுரமும் எட்டாத பள்ளத்தாக்கில் இதுவும் பலிக்காது. அத்தகைய இடங்களுக்குச் செல்வோர் வழித்தடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்வதே வழி.