கணக்குப் பார்ப்பவரின் வேலையை யார் பார்ப்பது?

சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது சின்னசேலம். சுற்றுவட்டாரத்தில் நெல், மக்காச்சோளம், மரவள்ளி. விளைந்தது ஆலைக்குப் போகிறது; மூட்டையாகி வெளியூர் போகிறது. பணம் புரளும் ஊரில் பேரேடும் புரளத்தானே வேண்டும்? அந்தப் பேரேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறவர் ஆடிட்டர்.

அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஆலைக்குப் பாங்கு கடன் கொடுக்கிறது. பாங்கில் உள்ள பணமோ, ஊரார் சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்டது. ஆகவே ஆடிட்டர் காரியாலயத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பது ஊருக்கே பொதுவான விஷயம். ஊர்க் கணக்கையெல்லாம் அவர் பார்க்கிறார், சரி. அவர் வேலையை யார் பார்ப்பது?

உத்தரமேரூர்க் கல்வெட்டு

இந்தக் கேள்வி புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ம் ஆண்டு உத்தரமேரூரில் பொறித்த கல்வெட்டு இதற்கு விதி சொல்கிறது. கணக்கு எழுதியவர் தாமே பெருமக்கள் முன் கணக்குக் காட்ட வேண்டும். நேர்மையானவர் என்று தேறினால்தான் மறுபடியும் அந்த வேலை கிடைக்கும். அவருக்குப் பதிலாக வேறொருவர் கணக்கை முடிக்கக் கூடாது.

5,040 கோடி எங்கே?

2009 ஜனவரி 7. ஐதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். ஏட்டில் காட்டிய ரொக்கத்திலும் பாங்கு இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லவே இல்லை என்றார்!

தணிக்கை செய்தவர்கள் சாமானியர்கள் அல்ல. உலகப் பெயர் பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸ். பாங்குக்கு ஆடிட்டரே கடிதம் அனுப்பி, பதிலை நேராகத் தாமே பெற வேண்டும். அந்த வேலையைக் கம்பெனியிடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு கண்டறிந்தது. 2011-ம் ஆண்டு அமெரிக்க அமைப்புகள் விதித்த அபராதம் மொத்தம் 75 லட்சம் டாலர். தவறியது பெரிய சூத்திரம் எதுவும் அல்ல, ஒரு தபால்!

நாலு காரியங்கள்

இத்தகைய தவறு நேராமல் காக்கத்தான் தரக் கட்டுப்பாடு. இதற்கென ஆடிட்டர்கள் சங்கம் வகுத்த விதிகள் அதே 2009 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. அவற்றின் சாரத்தை நாலு காரியமாகச் சொல்லலாம்.

முதலாவது, யார் கணக்கை ஏற்பது என்பது. மாமன் மச்சான் ஆலையானால் மரியாதையாக மறுத்துவிட வேண்டும். எல்லாரும் எல்லாருக்கும் உறவாக இருக்கும் சிற்றூரில் இதுதான் மிகவும் கடினம்.

இரண்டாவது, நேரில் பார்ப்பது. கிடங்கில் உள்ள மூட்டைகளை எண்ணாமல், முதலாளி கொடுத்த சீட்டைப் பார்த்து எழுதுவது தணிக்கை ஆகாது.

மூன்றாவது, இரண்டாவது கண். பயிற்சி மாணவர் பார்த்த கணக்கை அனுபவசாலி மறுபடியும் பார்க்க வேண்டும்.

நாலாவது, எழுதி வைப்பது. எழுந்த சந்தேகமும் கிடைத்த விடையும் கோப்பில் இருக்க வேண்டும். அறிக்கையில் கையெழுத்திட்ட 60 நாளுக்குள் கோப்பைத் தொகுத்து முடித்துவிட வேண்டும்.

தனி ஆளாக நடத்தும் காரியாலயத்தில் இரண்டாவது கண்ணுக்கு எங்கே போவது? வெளியிலிருந்து வேறொரு ஆடிட்டர் வந்து கோப்புகளைச் சோதிக்கும் முறையைச் சங்கம் 2002-ம் ஆண்டு கொண்டுவந்தது. வேலை குவிந்தால் தரம் குறையும் அல்லவா? அதனால் ஓர் ஆடிட்டர் ஆண்டுக்கு 60 வரித் தணிக்கைகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்றும் வரம்பு உண்டு.

கள்ளக் கையெழுத்துக்கும் வழி அடைத்தாகிவிட்டது. 2019 ஜூலை 1 முதல் ஒவ்வொரு தணிக்கை அறிக்கைக்கும் 18 இலக்க எண் கட்டாயம். பாங்கு அதிகாரி மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைச் சங்கத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

இனி ஆடிட்டர் வீட்டுப் பையன் வந்து, "ரசீது எங்கே? கிடங்குச் சாவி எங்கே?" என்று துளைத்தெடுத்தால் ஆலை முதலாளிகள் முகம் சுளிக்க வேண்டாம். எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுத் தரும் ஆடிட்டரைக் கண்டால்தான் கவலைப்பட வேண்டும்.