90 வினாடியில் மாகாணமே இருட்டு! கரண்டை வெட்டியது சூரியன்

நள்ளிரவு தாண்டிய நேரம். கடும் குளிர். ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. திடீரென்று கரண்ட் போச்சு!

ஒரு தெருவில் அல்ல, ஒரு ஊரில் அல்ல. கனடா நாட்டின் கியூபெக் மாகாணமே இருட்டில் மூழ்கியது. 60 லட்சம் பேர் தவித்தனர். 1989-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி அதிகாலை 2 மணி 44 நிமிடத்துக்கு நடந்தது இது.

மின்கம்பி அறுந்து விழவில்லை. புயல் மழை இல்லை. யாரும் சதி செய்யவில்லை. ஆனாலும் ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கரண்ட் திரும்பி வர 9 மணி நேரம் ஆனது.

காலையில் வேலைக்குக் கிளம்பியவர்கள் மாண்ட்ரியல் நகரில் மெட்ரோ ரெயில் ஓடாமல் திண்டாடினார்கள். பள்ளிக்கூடங்கள் திறக்கவில்லை. விமான நிலையமும் மூடப்பட்டது. குளிர் தேசத்தில் கரண்ட் போனால் பேன் ஓடவில்லையே என்ற கவலை அல்ல. வீட்டுக்குள் கை கால் விறைத்துப் போகும்!

குற்றவாளி யார்?

இத்தனையும் செய்தது சூரியன். 15 கோடி கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தபடியே கை வைத்துவிட்டது.

சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் உண்டு. காந்த சக்தி முறுக்கேறிக் கிடக்கும் இடங்கள் அவை. முறுக்கு தாங்காமல் வெடித்தால், மின்சாரம் ஏறிய வாயு மேகம் போலப் பீய்ச்சி அடிக்கும். எடை நூறு கோடி டன் கணக்கில் இருக்கும். அந்த மார்ச் 10-ந் தேதியே சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்றை விஞ்ஞானிகள் பார்த்துவிட்டார்கள்.

வாயு வந்து மோதியதும் பூமியின் காந்தம் ஆடிப்போனது. காந்தம் ஆடினால் தரையில் மின்சாரம் ஓடும். டைனமோ வைத்த சைக்கிளில் விளக்கு எரிகிறதே, அதே சங்கதிதான்.

கியூபெக்கில் தரைக்கு அடியில் கெட்டிப் பாறை. அதில் மின்சாரம் சுலபமாக ஓடாது. வேறு வழி தேடியது. வடக்கே ஜேம்ஸ் வளைகுடாப் பக்கத்து நீர்மின் நிலையங்களில் இருந்து ஆயிரம் கிலோ மீட்டர் நீளத்துக்கு வருகிற 7 லட்சத்து 35 ஆயிரம் வோல்ட் லைன் வசமாகக் கிடைத்தது. அதில் ஏறிக்கொண்டது. வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் 7 கருவிகள், ஒரு நிமிடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக 'டிரிப்' ஆயின. அப்புறம் என்ன? மொத்தமும் படுத்துவிட்டது.

அந்த இரவில் அமெரிக்காவின் புளோரிடா வரை வானத்தில் விநோத வெளிச்சம் தெரிந்தது. அணுகுண்டு யுத்தம் வந்துவிட்டதோ என்று சிலர் நடுங்கினார்களாம்.

மறுபடியும்...

2024-ம் ஆண்டு மே 10-ந் தேதி மீண்டும் ஒரு பெரிய காந்தப் புயல். இந்தத் தடவை எந்த மாகாணமும் இருளவில்லை. முந்தின நாளே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அடிபட்ட கியூபெக் மின்வாரியமும் கருவிகளை எப்போதோ மாற்றி அமைத்துவிட்டது. ஆனால் அமெரிக்காவில் விதைப்பு நேரம். செயற்கைக்கோள் வழிகாட்டி ஓடும் டிராக்டர்கள் தடம் தெரியாமல் நின்றன. நம் லடாக்கில், ஹான்லே வானம் சிவந்தது.

சரி, நம்ம ஊருக்கு ஆபத்து உண்டா? துருவத்தை ஒட்டிய நாடுகளுக்குத்தான் அடி பலம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு உக்கிரம் குறைவு. செயற்கைக்கோள்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2022 பிப்ரவரியில் வந்தது சாதாரணப் புயல்தான். அதிலேயே, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 விழுந்து எரிந்து போயின.

கொடைக்கானல் மலையில் 1904-ல் இருந்தே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். மேகம் மறைக்கிற நாளில்தான் லீவு. 2023 செப்டம்பர் 2-ந் தேதி கிளம்பிய நமது ஆதித்யா எல்-1 விண்கலம், பூமியில் இருந்து 15 லட்சம் கிலோ மீட்டர் தள்ளிப் போய் 2024 ஜனவரியில் காவலுக்கு நின்றது. சூரியப் புயல் முதலில் அங்கேதான் மோதும். பிறகு பூமிக்கு வந்து சேர, வேகத்தைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஸ்விட்ச் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அவ்வளவுதான் அவகாசம்.