உங்களுக்குத் தெரியுமா? மந்தமாக ஒரு மெட்டல்

'ஸ்லட்ஜ்' என்றால் சகதி. அந்தப் பெயரிலேயே ஓர் இசை வகை இருக்கிறது: ஸ்லட்ஜ் மெட்டல். தொழி கலக்கிய வயலில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடப்பதுபோல கிதார் நகரும். பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார். 1987இல் மெல்வின்ஸ் குழுவின் முதல் ஆல்பம் இதற்கு வழி போட்டது. ஆனால் இசை வேர் பிடித்தது மிசிசிப்பி ஆற்றின் வண்டல் ஊரான நியூ ஆர்லியன்ஸில். பெயர்ப் பொருத்தம் என்றால் இது!

*

மெட்டலின் இந்தக் கனத்துக்கு ஒரு விபத்தும் காரணம். பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையில் 17 வயது கிதார்க்காரர் டோனி அயோமிக்கு இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். பின்னாளில் தந்திகளையும் தளர்த்தினார். 1971இல் அவருடைய பிளாக் சபாத் குழு வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாட்டுகள் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியவை. 82 ஹெர்ட்ஸில் அதிரவேண்டிய தடித்த தந்தி 69இல் உறுமியது. மில் சங்குக்கு எழுந்து ஷிஃப்டுக்கு ஓடிய விக்கிரமசிங்கபுரத்துக்காரர்களுக்கு அயோமியின் தொழிற்சாலை ஊரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

*

தொனியைக் கீழே இறக்க நம் மிருதங்கக்காரரிடமும் ஒரு சகதி உண்டு. கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடந்தலையின் நடுவில் அப்புவார். தட்டிப் பார்ப்பார், கொஞ்சம் கிள்ளி எடுப்பார், மறுபடி தட்டுவார். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எறிந்துவிடுவார். (உடனே 'மெட்டலே நம்முடையதுதான்' என்று கிளம்பிவிட வேண்டாம்.)

*

இந்தியாவிலும் இந்தச் சகதி உண்டு. பெங்களூரின் 'ஷெப்பர்ட்' 2015இல் ஆல்பம் போட்டது. மும்பைக் குழு ஒன்றின் பெயர் 'டர்ஜ்'. தமிழில் சொன்னால் ஒப்பாரி! 2018இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் 'ஆ புச்'. அது மாயா நாகரிகத்தின் மரண தெய்வம். சுடுகாட்டுச் சாமிக்காக இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். தாமிரபரணிக் கரையில் இறங்கியிருந்தால் ஊருக்கு ஊர் சுடலைமாடன் நிற்கிறார்.

*

சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய 'ருத்ரா' வேதாந்தத்தை மெட்டலில் பாடுகிறது. பாடுவதும் பேஸ் வாசிப்பதும் கதிர். அது ஸ்லட்ஜ் இல்லை, வேகம் அதிகம்.

*

தாமிரபரணிக் கரைக்கே திரும்புவோம். பாபநாசம் என்றதும் பாட்டுக்காரர்கள் பாபநாசம் சிவனைச் சொல்வார்கள். அவருடையது தஞ்சைப் பக்கத்துப் பாபநாசம். பொதிகையடிப் பாபநாசத்தின் வட்டாரத்துக்கென்று இருக்கும் இசை வேறு: கணியான் கூத்து. அண்ணாவி கதை பாட, பெண் வேடமிட்டவர்கள் ஆட, முக்கிய வாத்தியமாக இரண்டு மகுடங்கள். வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய பறைதான் மகுடம். ஒன்று உச்சம், மற்றது மந்தம். ஸ்லட்ஜுக்குத் தமிழ்ப் பெயர் தேடுபவர்கள் இந்த இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாம். தாழ்ந்த தொனி, மெதுவான நடை என்ற இரண்டும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

மகுடத்தை டியூன் செய்ய முறுக்காணி கிடையாது, நெருப்புதான். கோயில் கொடை நடக்கும் இடத்தில் ஓரமாகத் தீ மூட்டி, தோலை வாட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ஆடிச் சாரலில் தோல் தொய்ந்துவிட்டால், ஆட்டத்துக்கு நடுவிலேயே மகுடம் மறுபடி நெருப்புப் பக்கம் போகும்.